மனசாட்சிக்கு ஒத்துவரும் வேலைக்கு மாறியவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வயது 36. 12 வருடமாகக் காப்பீட்டு விற்பனையில் இருக்கிறேன். சம்பளத்தில் குறையில்லை. போன மாதம் டார்கெட் முடிக்கிற அவசரத்தில், ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுக்குத் தேவையே இல்லாத பாலிசியை விற்றேன். "நீ சொன்னா சரிதான்பா" என்று கையெழுத்துப் போட்டார். ரெண்டு நாள் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் போய் உண்மையைச் சொல்லி, ரத்து செய்ய வைத்தேன். ஆனால் அடுத்த மாதமும் டார்கெட் வருமே!

எட்கர் ஷைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 8 'தொழில் நங்கூரங்கள்' பற்றிச் சொல்லியிருக்கிறார். சுதந்திரம், பாதுகாப்பு, சேவை, சவால் என்று போகும். எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க மனம் வராதது எதுவோ அதுதான் நம் நங்கூரம். எனக்குச் சேவை என்றுதான் படுகிறது. வீட்டுக்கடனும் ரெண்டு பிள்ளைகளும் பாதுகாப்புப் பக்கம் இழுக்கிறார்கள்.

இருக்கிற வேலையையே நமக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்றும் படித்தேன். நல்ல யோசனைதான், என் இடத்தில் அதற்கு வழியில்லை.

கடன் சிக்கலில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மேல் ஆசை. இந்தத் துறையில் யாராவது இருக்கிறீர்களா? ஒரு நாள் எப்படிப் போகும்? வேலையை விடுவதற்கு முன் வார இறுதியில் தன்னார்வலராகச் செய்து பார்க்க முடியுமா? சம்பளம் குறைந்ததை வீட்டில் எப்படிப் பேசிச் சமாளித்தீர்கள்? மாறிவிட்டு வருத்தப்பட்டவர்களும் தயங்காமல் எழுதுங்கள், அதுவும் எனக்குத் தெரிய வேண்டும்.