அவசரம்: எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிய பிறகு வின்டோஸ் வரவில்லை

வடலி: கடைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை அப்படியே எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்குக்குக் குளோன் (முழுப் பிரதி) எடுத்தேன். பிழை ஒன்றும் காட்டவில்லை. மாட்டிப் போட்டால் கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் (வின்டோஸை எழுப்பும் டிஸ்க்) இல்லை என்று நிற்கிறது. ரியூசன் சேர்மாரின் வினாத்தாள் எல்லாம் இதில்தான், காலையில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். யாராவது கெதியாகச் சொல்லுங்கோ.

நல்லூரான்: எந்த வின்டோஸ்? இரண்டு டிஸ்க்கும் எத்தனை ஜி.பி.? பழையது இன்னும் வேலை செய்கிறதா?

சுன்னாகத்தான்: கேபிள்தான். நான் பார்த்த கணினிகளில் இப்படி வந்தால் பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிள் பழுதுதான்.

வடலி: கேபிள் மாற்றியாச்சு, அதேதான். வின்டோஸ் 10. பழையது 1 டி.பி., புதியது 480 ஜி.பி. பழையது வேலை செய்கிறது, ஆனால் எழும்பப் பத்து நிமிடம். சி டிரைவை மட்டும் தெரிவு செய்தேன், மற்றதெல்லாம் சின்னச் சின்னப் பிரிவுகள்.

தீவான்: இதற்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியாச்சு, தேடிப் பார்த்திருக்கலாம் தம்பி. வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. 11-ஐப் புதிதாகப் போட்டுக் கோப்புகளை மட்டும் கொப்பி பண்ணுங்கோ.

நல்லூரான்: ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு, பிரிண்டர் டிரைவர் எல்லாம் திரும்பப் போட வேண்டும். காலைக்குள் நடக்கிற காரியமா?

தீவான்: இன்னும் பாமினியா? எல்லாக் கணினியிலும் தமிழாகவே வரும் யுனிகோட்டுக்கு மாறச் சொல்லி எவ்வளவு காலமாகச் சொல்கிறேன்.

நல்லூரான்: சேர்மாரின் பழைய தாள்கள் பாமினியில்தான் இருக்கின்றன. யுனிகோட் மாற்றியில் போட்டால் சமன்பாட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளும் தமிழாகிக் குழம்பும். அதை யார் இருந்து திருத்துவது?

சுன்னாகத்தான்: பாமினிச் சண்டையைத் தனி இழையில் வையுங்கோ, தம்பி காத்திருக்கிறார்.

ஊரெழு: வடலி, அந்தச் சின்னப் பிரிவுகளில்தான் விஷயம். 100 எம்.பி. அளவில் ஈ.எப்.ஐ. என்று ஒன்று இருக்கும். வின்டோஸை எழுப்பும் கோப்புகள் அதற்குள்தான், அது வராமல் சி மட்டும் வந்து பயனில்லை. பழையதைத் திரும்ப மாட்டுங்கோ. முதல் வேலையாக வினாத்தாள்களையும் பாமினியையும் ஒரு வெளி டிரைவில் கொப்பி எடுங்கோ. எழும்பப் பத்து நிமிடம் எடுக்கும் டிஸ்க்கை நம்ப ஏலாது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யை 400 ஜி.பி.க்குச் சுருக்கி, எல்லாப் பிரிவுகளோடும் முழு டிஸ்க்கையும் குளோன் எடுங்கோ. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் முன்னமே நிறுத்துங்கோ. முதல் தடவை எழுப்பும்போது பழையதைக் கட்டாயம் கழற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருந்தால் வின்டோஸ் ஒன்றை ஓஃப்லைன் ஆக்கிவிடும்.

தீவான்: சுருக்கும்போது நகர்த்த முடியாத கோப்பில் முட்டி நிற்கும். நினைவகத்துக்குத் துணையான பேஜ் ஃபைலையும், பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்ரோரையும் நிறுத்திவிட்டுச் செய்யட்டும்.

வடலி: வந்திட்டுது. பாமினியும் இருக்கு. அச்சு ஓடுது, பிறகு எழுதுகிறேன். நன்றி அண்ணை.

ஊரெழு: சந்தோசம். பழைய டிஸ்க்கை இப்போதைக்கு அழிக்காதேங்கோ. கிழமைக்கு ஒருக்கா இமேஜ் (டிஸ்க்கின் முழுப் பிரதி ஒரு கோப்பாக) எடுக்கிற மாதிரியும் ஒழுங்கு செய்ய வேண்டும். உங்களிடம் உள்ள வெளி டிரைவ் எத்தனை ஜி.பி.?