அம்மாவோடு லிஸ்பன், வெள்ளி ராத்திரி முதல் திங்கள் ராத்திரி வரை: எதை விடலாம்?

பாம்பன் பையன்:
வணக்கம். அக்கா பிராங்க்பர்ட்டில் இருக்கிறாள். அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளிடம் போகிறேன். நடுவில் ஒரு வாரக் கடைசியில் மூன்று பேரும் லிஸ்பன் போவதாகப் பேச்சு. வெள்ளி ராத்திரி இறங்கினால் திங்கள் ராத்திரி விமானம். அக்காவுக்கு சிந்த்ரா அரண்மனை பார்த்தே ஆகணும். அம்மாவுக்கு பாத்திமா மாதா திருத்தலம். எனக்கு வாஸ்கோடகாமா கல்லறையும் அந்த மஞ்சள் டிராமும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஆகாது. சாப்பாட்டுக்கு மீன் இருந்தால் போதும் என்பார், ஆனால் புளி விடாத மீனை மீன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். எதை விடலாம், சொல்லுங்கள்.

ஓரியூர் டீச்சர்:
தம்பி, சிந்த்ராவை விட்டுவிடுங்கள். அக்கா கோபித்தால் பழியை என் மேல் போடுங்கள். ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் பேனா அரண்மனை மலை உச்சியில். பஸ்ஸுக்கு ஒரு வரிசை, உள்ளே போக ஒரு வரிசை, அதற்கப்புறம் ஏற்றம். ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

நீங்கள் பாம்பன் என்பதால் இதைச் சொல்கிறேன். கச்சத்தீவுக்கு நம் ஆட்கள் படகேறிப் போய்க் கும்பிடுகிற அந்தோணியார் லிஸ்பனில் பிறந்தவர், 1195இல். இத்தாலியிலுள்ள பதுவா அவர் அடக்கமான ஊர். பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லும் இடத்தில், பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, அவருக்குக் கோயில் இருக்கிறது. வீட்டின் மிச்சம் என்று நிலவறையைக் காட்டுவார்கள். 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து ஜெபித்தார். இறங்கும்போது அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அருளானந்தரும், அதாவது சேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோவும், லிஸ்பன்காரர்தான். 1647 மார்ச் 1 பிறப்பு. அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்த பிள்ளை. மறவ நாட்டில் பிடித்து அடித்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று விட்ட பிறகு 1687இல் லிஸ்பன் திரும்பினார். அதற்குள் அந்தப் பேதுரு ராஜா ஆகிவிட்டார். இங்கேயே இரு என்று அவர் கேட்டும் இருக்கவில்லை. மறுபடி கப்பலேறி வந்து 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் வெட்டுப்பட்டார். அல்வலாட் பகுதியில் அவர் பெயரில் பங்குக்கோயில் உண்டு. மெட்ரோவில் பச்சைத் தடம், அல்வலாட் நிலையம். அந்தப் பக்கம் சமதரை, சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காது. மகளோடு ஞாயிறு பூசைக்குப் போனேன். பூசை முடிந்து பக்கத்திலிருந்த பாட்டியிடம் போனில் ஓரியூர்ச் செம்மண் படத்தைக் காட்டினேன். அந்தம்மா அதை வாங்கிப் போய்க் கோயில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

உங்களுக்கு என் யோசனை: சனிக்கிழமை பெலேம். 15ஆம் எண் டிராம் போகும். அங்குள்ள ஜெரோனிமோஸ் மடம் திங்கள் மூடியிருக்கும், ஞாயிறு காலை கோயிலில் பூசை. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோடகாமா, வலப்பக்கம் கவிஞர் கமோயிஸ். சீக்கிரம் திரும்பினால் கார்மோ மடத்தையும் பாருங்கள். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், சனம் பூசையில் இருந்த நேரத்தில் பூமி ஆடியது. ஆற்று முகத்துக்கு ஓடினவர்களைக் கடல் வந்து அடித்தது, மிச்சத்தைத் தீ தின்றது. கார்மோ கோயில் நடுக்கூடத்துக்கு அதன் பிறகு கூரையே போடவில்லை. தனுஷ்கோடிக் கோயிலுக்குள் நின்று வானம் பார்த்த நமக்கு அங்கே விளக்கம் சொல்ல ஆள் வேண்டாம்.

ஞாயிறு அல்வலாட் பூசை, பிறகு அந்தோணியார் கோயில், ஆல்ஃபாமா என்ற பழைய பகுதியின் சந்துகள். திங்கள் பாத்திமா. செத்தே ரியோஸ் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். காலை முதல் பஸ்ஸில் போனால் மாலைக்குள் திரும்பிவிடலாம். அக்டோபர் 12, 13 தேதிகளில் மட்டும் போகாதீர்கள். 1917இல் மாதா தந்த கடைசிக் காட்சி 13ஆம் தேதி என்பதால் திருயாத்திரைக் கூட்டம் தாங்காது.

கீழக்கரை கப்பல்காரன்:
டீச்சர் கோயிலைச் சொல்லிவிட்டார், நான் செருப்பைச் சொல்கிறேன். நடைபாதை எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக்கல். தேய்ந்து வழவழவென்று கிடக்கும், அக்டோபர் மழை விழுந்தால் வழுக்கும். அம்மாவுக்கு நல்ல ரப்பர் அடி ஷூ வாங்கிக் கொடு தம்பி.

மஞ்சள் டிராம் 28ஆம் எண். மார்த்தீம் மொனீஸில், புறப்படுகிற இடத்திலேயே, விடியக் காலையில் ஏறு. நடுவில் ஏறினால் நின்றுகொண்டே வரணும், பிக்பாக்கெட் காரனுக்கும் வசதி. அந்தோணியார் கோயில் வாசலிலேயே போகும்.

சாப்பாடு: 'பக்கல்யாவ்' என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். நம்ம கருவாடுதான், காட் மீனில் போட்டது. அந்த மீன் அவர்கள் கடலில் கிடையாது, நார்வே, ஐஸ்லாந்து பக்கத்திலிருந்து வருகிறது. ஊறவைத்து உப்பை எடுத்துவிடுவதால் அம்மாவுக்குச் சப்பென்று இருக்கும். சாளையைச் சுட்டு உப்பு மட்டும் தூவித் தருவான். பையில் மிளகாய்ப்பொடி இருக்கட்டும். 'அரோஸ் து மரிஷ்கு' கேளுங்கள், இறாலும் சிப்பியும் போட்டுக் குழைவாக வடித்த சோறு. அதுவும் பிடிக்காவிட்டால் பென்ஃபொர்மோசோ தெருவில் வங்காளதேசத்துக் கடைகள் இருக்கின்றன, பிரியாணி கிடைக்கும், ஹலால்.

பாம்பன் பையன்:
டீச்சர், அந்தோணியார் லிஸ்பன்காரர் என்றதும் அம்மா பாத்திமாவையே மறந்துவிட்டார். அக்காவிடம் இன்னும் பேசவில்லை. பாய், விசா போர்த்துகல் பக்கம் போடணுமா?

கீழக்கரை கப்பல்காரன்:
வேண்டாம். அதிக ராத்திரி எந்த நாட்டில் தங்குகிறாயோ அந்த நாட்டு விசா. உனக்கு ஜெர்மனி. இரண்டும் ஷெங்கன் என்ற பொது விசா நாடுகள் என்பதால் அதே விசாவில் லிஸ்பன் போகலாம். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே மனுப் போடலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருவருக்கும் தனித்தனியே வேண்டும். லிஸ்பன் ஓட்டல் பதிவையும் சேர்த்து வை. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய், பழைய கட்டடங்களில் நாலாவது மாடி அறைக்கும் படிதான்.