எக் தீவில் நான்கு நாள்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கிளாஸ்கோவிலிருந்து:

இரண்டு நாள் மரம் நடுவதற்காகப் போனேன். காற்று அடங்காமல் படகு நின்றுவிட்டதால் நான்கு நாள் தங்கித் திரும்பியிருக்கிறேன்.

போன இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள எக் தீவு. மல்லேக் துறைமுகத்தில் படகேற வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர்தான். குடியிருப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். நாங்கள் நட்டவை பிர்ச், ரோவன், ஹேசல். எல்லாம் தீவிலேயே விதை பொறுக்கி, அங்கேயே நாற்றங்காலில் வளர்த்த கன்றுகள். வெளியிலிருந்து கன்று வாங்கினால் நோயும் சேர்ந்து வந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஈர மண்ணில் குழி வெட்டுவது எளிது. முதுகு நிமிர்வதுதான் கடினம்.

முதல் நாள் மாலை. தேநீருக்குக் கெட்டிலைப் போட்டுவிட்டு, குளிர் தாங்காமல் ஹீட்டரின் பொத்தானைத் தொடப் போனேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா சமையலறையிலிருந்தே, "கொஞ்சம் பொறு, துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறது" என்றார். சுவரோரம் இருந்த சிறிய திரையைக் காட்டினார். அந்த நிமிடத்தில் வீடு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பது அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழில் நடத்தும் இடத்துக்கு 10. அதைத் தாண்டினால் இணைப்பு தானாக அறுந்துவிடும். பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்துதான் மறுபடி கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்களும் தீவுக்காரர்களே. "இந்த மழையில் அவரை எதற்கு வரவழைக்க வேண்டும்?" என்று கேட்டார் அம்மா.

இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. சிக்கனத்தைப் பற்றி எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மழையில் நனைவாரே என்பதற்காக ஒருவர் ஹீட்டரை அணைத்து வைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

2008 பிப்ரவரி 1 அன்றுதான் தீவுக்கு நாள் முழுவதும் மின்சாரம் வந்தது. அதற்கு முன் அவரவர் வீட்டில் அவரவர் ஜெனரேட்டர், டீசல் வாடை, இரவெல்லாம் இரைச்சல். இப்போது ஓடைநீரில் ஓடும் மின்நிலையங்கள் மூன்று. பெரியது 100 கிலோவாட். ஸ்கூர் மலையின் அடியில் 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. கூடவே சூரியத் தகடுகளும் ஒரு பெரிய பேட்டரி அறையும். மழைக்காலத்தில் ஓடை கைகொடுக்கும். கோடையில் ஓடை மெலியும்போது வெயில் கைகொடுக்கும். இரண்டும் ஏமாற்றும் நாள்களுக்கு மட்டும் டீசல். தேசிய மின்கம்பிக்கும் இந்தத் தீவுக்கும் தொடர்பே கிடையாது.

இதற்கெல்லாம் வேர் 1997 ஜூன் 12. அதுவரை தீவு முழுவதும் ஒரே நிலவுடைமையாளருடையது. நிலையான குத்தகை கிடைக்காததால் யாரும் கூரையைக்கூடத் துணிந்து மாற்ற முடியவில்லை. பின்பு தீவுக்காரர்கள் ஆயிரக்கணக்கானோரிடம் நன்கொடை திரட்டி, ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு கொடுத்துத் தீவையே வாங்கினார்கள். பெரும்பங்கைக் கொடுத்த பெண்மணி தம் பெயரை வெளியிடவில்லை. இன்று நிலம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம், ஹைலேண்ட் மாவட்ட மன்றம், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளை மூன்றும் அதன் உறுப்பினர்கள். வாங்கிய காலத்தில் 65 பேர் அளவில் இருந்த ஊர் இது.

இப்படித் தீவுகளில் தங்கியவர்கள், உழைத்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

டென்மார்க்கிலிருந்து:

அக்கா, படித்தவுடன் இங்கே டென்மார்க்கில் உள்ள சாம்சோ தீவு நினைவுக்கு வந்தது. மாணவனாக இருந்தபோது அங்கே இருந்த எரிசக்திக் கழகத்துக்குப் போய், ஒரு வாரம் பண்ணை ஒன்றில் தங்கினேன். 1997இல் அரசு நடத்திய போட்டியில் வென்ற தீவு அது. பத்தாண்டுக்குள் தனக்கு வேண்டிய எரிசக்தியைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இலக்கு. நிலத்தில் 11 காற்றாலைகள், கடலில் 10. வைக்கோலை எரித்து, சூடான நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்களோடு முழுதாக உடன்படவில்லை. நான் தங்கிய பண்ணைக்காரர் அண்டை அயலாரைப் பற்றிப் பேசவே இல்லை, கணக்கைத்தான் காட்டினார். எவ்வளவு கடன் வாங்கினார், காற்றாலை எத்தனை ஆண்டில் அதை அடைத்தது என்பதையெல்லாம் எழுதி வைத்திருந்தார். நிலத்துக் காற்றாலைகளில் பெரும்பாலானவை விவசாயிகளுடையவை. நிலமில்லாதவர்களும் கூட்டுறவில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். பங்கு இருப்பவருக்கு இறக்கை சுழலும் சத்தம் தொல்லையாகத் தெரிவதில்லை. நல்ல மனம் இல்லாமல் ஊர் நிற்காது, சரிதான். கணக்கு இல்லாமல் அந்த மனம் எத்தனை நாள் தாங்கும்?

கிளாஸ்கோவிலிருந்து:

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எக் தீவிலும் கணக்கு உண்டு. கட்டணம் வாங்குகிறார்கள், பழுது பார்ப்பவர்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள். எனக்குக் கவலை வேறு. அங்கே ஒருவரே நான்கு பொறுப்புகளைச் சுமக்கிறார். பகலில் படகுத்துறையில் கயிறு பிடித்தவரை மாலையில் கூட்டத்தில் குறிப்பெடுக்கக் கண்டேன். குடிவர விரும்புகிறவர்களுக்கு வீடு இல்லை. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குக் கடல் கடந்து மல்லேக்கில் தங்கிப் படிக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் திரும்பி வந்தால் வீட்டுக்கு எங்கே போவார்கள்? கூட்டத்தில் அன்று அதைத்தான் நெடுநேரம் பேசினார்கள். முடிவு எட்டப்படவில்லை.

லண்டனிலிருந்து:

அக்கா, மே மாதம் நானும் கணவரும் போகலாமா என்று பார்க்கிறோம். கார் கொண்டுபோகலாமா? படகு நின்ற இரண்டு நாளும் நீங்கள் என்ன செய்தீர்கள்?

கிளாஸ்கோவிலிருந்து:

வருகிறவர்களின் காருக்கு அங்கே இடமில்லை, தங்காய். நடையும் சைக்கிளும்தான். தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிக்கு முகவலை எடுத்துச் செல்லுங்கள். மாற்றுடையும் இரண்டு நாளுக்குக் கூடுதல் மருந்தும் கட்டாயம்.

படகு நின்ற முதல் நாள், வேலிக்கு அருகே சாய்ந்துவிட்ட கன்றுகளை நிமிர்த்தினோம். மாலையில் எங்களை ஊர் மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். உள்ளே நுழைந்தால் அப்படி ஒரு கதகதப்பு! பேட்டரி நிரம்பிய பிறகும் மின்சாரம் மிஞ்சினால், அது பொதுக் கட்டடங்களின் ஹீட்டர்களுக்குப் போய்விடுமாம். வெளியே எங்கள் படகை நிறுத்திய அதே காற்று, உள்ளே எங்கள் காலுறைகளை உலர்த்திக்கொண்டிருந்தது.