புதுப்பிப்பு: டிரமடால் அளவு இப்போது பாதி

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிட்டதையும், ஒரு வேளை தவறினாலே மூக்கு ஒழுகி, கொட்டாவி கொட்டாவியாக வந்து, படுத்தால் கால் நிலைகொள்ளாமல் தவிப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். "ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். மருத்துவரிடம் கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்றார். டிரமடால் வெறும் ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் வலிநிவாரணி) அல்ல, மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரோடோனினையும் தொடுகிற மருந்து. சட்டென்று விட்டால் வழக்கமான வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்சத்தோடு சிலருக்குக் கடும் பதற்றம், குழப்பம்கூட வருமாம்.

அதனால் படிப்படியாகக் குறைக்கிறோம். ஒவ்வொரு முறை குறைத்ததும் கொஞ்ச நாள் எரிச்சல், தூக்கமின்மை. பிறகு உடம்பு பழகிவிடுகிறது. மலச்சிக்கல்தான் இன்னும் விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், பயந்த மாதிரி வலி கூடவில்லை. நீண்ட நாள் எடுத்தால் ஓபியாய்டே சிலருக்கு வலியைக் கூட்டுமாம்!

கேட்டவர்களுக்கு: இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரக்கூடாது, மூச்சே மந்தமாகிவிடும். நிறுத்திய பிறகு வலி வந்தது என்று பழைய அளவைப் போடுவதும் உயிருக்கு ஆபத்து. தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். ஓபியாய்டு அளவு மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்தான நலோக்சோனை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கப்போகிறேன்.