பில்ட்ரூட்: லிப்கேர்ல் கார்டில கிடக்கு, செயலி அதை எடுக்குதில்லை

உப்புவெளித் தம்பி:
வணக்கம். திருகோணமலை கொட்பே துறைமுகத்தில நிக்கிற ஒரு பலநாள் படகுக்கு, கடல்நீர் வெப்பத்தையும் ஜிபிஎஸ் இடத்தையும் பதியிற சின்னப் பெட்டி செய்யிறன். செயலி சி-யில எழுதினது, பேர் கடல்லாக். பெட்டிக்கான லினக்ஸை பில்ட்ரூட்டால (சின்னக் கருவியளுக்குப் பொதி பொதியா லினக்ஸ் கட்டித் தாற மென்பொருள்) கட்டுறன். கரைக்கு வந்து சிக்னல் கிடைச்சதும் லிப்கேர்ல் (இணையத்தில தரவு அனுப்புற நூலகம்) வழியா அனுப்பவேணும். மோடம் இல்லாத படகுகளுக்கு கேர்ல் இல்லாமலும் கட்டவேணும் எண்டதால, கான்ஃபிகரில (கட்ட முதல் என்ன நூலகம் இருக்கு எண்டு தேடுற ஸ்கிரிப்ட்) "இருந்தா சேர், இல்லாட்டி விடு" எண்டு எழுதி வைச்சன்.

போன மாதம் நல்லா அனுப்பிச்சுது. நேற்று மேக் கிளீன் குடுத்து, பழசெல்லாம் அழிச்சு முழுக்கக் கட்டினன். ஒரு பிழையும் வரேல்ல, ஆனா அனுப்புதில்லை. மெனுகான்ஃபிக்கில (பொதியளைத் தெரிவு செய்யிற பட்டியல்) லிப்கேர்ல் தெரிவாகித்தான் இருக்கு, பெட்டியின்ர மெமரி கார்டிலயும் அதின்ர கோப்பு கிடக்கு. செயலியை ரீட்எல்ஃப் போட்டுப் பார்த்தா, அதுக்கு வேண்டிய நூலகங்களைச் சொல்லுற 'நீடெட்' வரியில லிப்சி (சி-யின்ர அடிப்படை நூலகம்) மட்டும்தான். வெள்ளிக்கிழமை படகு வெளிக்கிடுது, தயவுசெய்து ஆராவது சொல்லுங்கோ.

மூதூர் அக்கா:
தம்பி, கடல்லாக் பில்ட் கோப்புறையில கான்ஃபிக்.லாக் (கான்ஃபிகர் தேடினதின்ர பதிவு) இருக்கும். கேர்லுக்கு என்ன போட்டிருக்கு?

உப்புவெளித் தம்பி:
'நோ' எண்டு கிடக்கு அக்கா. நூலகம் இருக்கேக்க ஏன் இப்பிடி?

மூதூர் அக்கா:
அந்த நேரத்தில அது இல்லை. சார்பு (தனக்கு முதல் எது கட்டவேணும் எண்டு) சொல்லாத பொதியளை பில்ட்ரூட் ஆங்கில அகரவரிசையில கட்டும். உங்கட பொதி 'கே', லிப்கேர்ல் 'எல்'. உங்கட கான்ஃபிகர் தேடினதுக்குப் பிறகுதான் லிப்கேர்ல் ஸ்டேஜிங்குக்கு (கட்டேக்க நூலகம் தேடுற கோப்புறை) வந்திருக்கு. போன மாதம் இடையில ரீகான்ஃபிகர் (கான்ஃபிகரைத் திரும்ப ஓட்டுறது) குடுத்திருப்பீங்கள், அப்ப அம்பிட்டிருக்கும்.

பொதியின்ர எம்கே கோப்பில (அதை எப்பிடிக் கட்டுறது எண்டு பில்ட்ரூட்டுக்குச் சொல்லுற கோப்பு) நிபந்தனை போடுங்கோ: லிப்கேர்ல் தெரிவாகியிருந்தா டிபென்டன்சீஸ் (சார்பு) வரியில லிப்கேர்ல், கான்ஃப் ஆப்ட்ஸில (கான்ஃபிகருக்குக் குடுக்கிற தெரிவுகள்) --வித்-கேர்ல், இல்லாட்டி --வித்அவுட்-கேர்ல். அந்த 'இல்லாட்டி'யை விட்டிடாதீங்கோ. விட்டா மோடம் இல்லாத படகுக்குக் கட்டேக்கயும் அது தானாத் தேடும்.

கன்னியாக்காரன்:
அக்கா சொன்னதோட இதையும் செய்யுங்கோ. --வித்-கேர்ல் எண்டு கேட்டும் நூலகம் கிடைக்கேல்ல எண்டா கான்ஃபிகர் பிழை சொல்லி நிக்கவேணும். மேசையில இருந்து பார்க்கேக்க தானாத் தேடுறது வசதிதான், கடலுக்குப் போற கார்டுக்கு அது கூடாது. அனுப்பாத பெட்டியை நடுக்கடலில ஆர் திருத்துறது? நான் அந்தத் தானாத் தேடுறதை முழுசாவே எடுத்திட்டன்.

லிப்கேர்லைத் தெரிவு நீக்கினாலும் பழைய கோப்பு டார்கெட்டில (கார்டுக்குப் போற கோப்புறை) அப்பிடியே கிடக்கும். மாத்தினா கிளீன் குடுத்துத்தான் கட்டவேணும்.

உப்புவெளித் தம்பி:
கட்டியாச்சு. கான்ஃபிக்.லாக்கில 'யெஸ்', நீடெட் வரியில லிப்கேர்ல் வந்திட்டுது. ஆனா அனுப்பேக்க கேர்ல் பிழை எண் 1 எண்டு வருது.

மூதூர் அக்கா:
எச்டிடிபிஎஸ் முகவரிதானே? பிழை 1 எண்டா அந்த நெறிமுறை உங்கட லிப்கேர்லில இல்லை. ஓபன்எஸ்எஸ்எல்லையும் (எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய குறியாக்க நூலகம்) தெரிவு செய்து, லிப்கேர்லின்ர டிஎல்எஸ் தெரிவில அதைப் போடுங்கோ. சேவையகத்தைச் சரிபார்க்கிற சான்றிதழ் பொதியையும் மறக்காதீங்கோ.

உப்புவெளித் தம்பி:
போகுது அக்கா! இரவு 11 மணிக்கு முதல் வரி வந்து விழுந்தது. மோடம் இல்லாத படகுக்கு வேற டெஃப்கான்ஃபிக் (தெரிவுகளைச் சேமிச்ச கோப்பு), வேற அவுட்புட் கோப்புறை எண்டு பிரிச்சிட்டன். ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.