மத்தியதரைக் கடல் கப்பல் பயணம்: கேரண்டி கேபின் எடுக்கலாமா, எண் தெரிந்த கேபினே நல்லதா?

நொய்யல்கரை, கோவை:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் பார்சிலோனாவில் ஏறி அங்கேயே இறங்கும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்குத் திட்டமிட்டிருக்கிறோம். நான், மனைவி, 14 வயது மகன், 9 வயது மகள், 71 வயதான என் தாயார் என ஐந்து பேர். கப்பல் எம்எஸ்சி நிறுவனத்தின் வேர்ல்ட் யூரோப்பா. மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசீனா, மால்டாவின் வலெட்டா ஆகிய துறைமுகங்களைத் தொட்டுத் திரும்புகிறது.

பயண முகவர் இரண்டு விலைகளைச் சொல்லியிருக்கிறார். ஒன்று ‘பெல்லா’ கட்டணத்தில் பால்கனி கேரண்டி. அதில் கேபின் எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னர் ஒதுக்கும். மற்றொன்று ‘ஃபன்டாஸ்டிகா’, அதில் தளத்தின் வரைபடத்தைப் பார்த்துக் கேபினை நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்த இரண்டாவது கட்டணம் ஓர் ஆளுக்கு 9,000 ரூபாய் அதிகம், அதாவது ஐவருக்கும் சேர்த்து 45,000 ரூபாய். கேரண்டியை எடுத்தால் பெரும்பாலும் மேல்வகைக் கேபினே கிடைத்துவிடும், எதற்கு வீண் செலவு என்கிறார் முகவர். இந்தக் கேரண்டி எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை? எங்களுக்கு இரண்டு கேபின்கள் தேவைப்படும் என்பதால் அவை அருகருகே அமையுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைக்கோட்டைப் பயணி, திருச்சி:

ஐயா, நான் முகவர் தொழிலில் இருப்பவன். உங்கள் முகவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாத ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

முதலில், ஒரே விலைச்சீட்டில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கட்டண வகை என்பது உங்கள் பணத்துக்கு என்னென்ன சேர்த்துத் தருகிறார்கள், பயணத்தை மாற்றினாலோ கைவிட்டாலோ எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதைச் சொல்வது. கேரண்டி என்பது கேபின் எண்ணை யார், எப்போது தீர்மானிப்பது என்பதை மட்டும் சொல்வது. எம்எஸ்சியில் பெல்லாவும் கேரண்டியும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இரண்டும் ஒன்று என்ற தோற்றம் ஏற்படுகிறது. வேறு சில நிறுவனங்களில் சாதாரணக் கட்டணத்திலேயே கேரண்டி உண்டு. அங்கே முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகை, கிடைக்காத வகை என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

நம்மூர் ரயிலில் முதல் வகுப்பு ஏசி பயணச்சீட்டு எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. சீட்டு உறுதியாகிவிடும், ஆனால் எந்தக் கூபே, எந்தப் படுக்கை என்பது சார்ட் தயாரான பிறகுதான் தெரியும். கேரண்டியும் அவ்வாறே. நீங்கள் பணம் கட்டிய வகைக்குக் கீழான கேபினைத் தரமாட்டோம் என்பது மட்டுமே அதில் உள்ள உறுதி. எந்தத் தளம், முன்பக்கமா நடுவா பின்பக்கமா, லிஃப்டுக்கு எவ்வளவு தூரம், பால்கனிக்கு முன்னால் உயிர்காப்புப் படகு மறைத்துக்கொண்டு தொங்குமா என்பவற்றில் எதற்கும் உறுதி இல்லை. எண் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பும் வரலாம், புறப்படச் சில நாட்கள் இருக்கும்போதும் வரலாம். வந்த பிறகு பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

இரண்டு கேபின்கள் அருகருகே அமையுமா என்று கேட்டீர்கள். கேரண்டியில் அதற்கு எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டார்கள். இரண்டு முன்பதிவு எண்களையும் இணைத்துக் குறிப்பு எழுதச் சொல்லலாம். ஆனால் அது வேண்டுகோள் மட்டுமே. ஒன்று ஒன்பதாம் தளத்திலும் மற்றொன்று பதின்மூன்றிலும் விழுந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

கடலோடி, சிங்கப்பூர்:

எனக்குச் சற்று மாறான கருத்து. நானும் என் மனைவியும் சிங்கப்பூரின் மரினா பே முனையத்திலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் கப்பல்களில் செல்லும்போது பெரும்பாலும் கேரண்டிதான் எடுக்கிறோம். அவர்களுடைய பட்டியலில், ஜன்னல் இல்லாத உள்ளறைக் கேரண்டிக்கு இசட்.ஐ. என்றும், பால்கனிக் கேரண்டிக்கு எக்ஸ்.பி. என்றும் தனிக் குறியீடுகள் உண்டு. உறங்கவும் குளிக்கவும் மட்டுமே அறைக்குப் போகிறவர்களுக்கு இடம் எதுவானால் என்ன? மிச்சமாகும் பணத்தில் கரையில் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

ஆனால் விலை வித்தியாசத்தை ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று வகுத்துப் பார்ப்பது என் வழக்கம். உங்கள் கணக்கில் அது 1,300 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இருவர் மட்டும் என்றால் நான் அதைச் சேமித்துக்கொள்வேன். தாயாரின் நடமாட்டம் எப்படி என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு எது சரி என்று சொல்ல முடியும்.

நொய்யல்கரை, கோவை:

இருவருக்கும் நன்றி. கேட்டதால் விவரமாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சக்கர நாற்காலி தேவையில்லை. கைத்தடியுடன் மெதுவாக நடப்பார்கள், நீண்ட தூரம் முடியாது. ஊட்டி மலைப்பாதையில் பேருந்தில் போனாலே வாந்தி வரும் உடம்பு. இரவில் யாராவது உடன் இருக்க வேண்டும். ஆகையால் மனைவியும் மகளும் அம்மாவுடன் ஒரு கேபினிலும், நானும் மகனும் மற்றொன்றிலும் இருக்கலாம் என்று நினைக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஐவரில் யாருக்கும் இன்னும் எடுக்கவில்லை. கட்டண வகையைத் தேர்ந்தெடுப்பதில் அதைக் கணக்கில் கொள்ள வேண்டுமா?

முத்துநகர் மாலுமி, தூத்துக்குடி:

தம்பி, பயணிகள் கப்பல்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், கேபின் எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

நிறுவனம் கப்பலை எண் வாரியாக நிரப்புவதில்லை, வகை வாரியாக நிரப்புகிறது. எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கூடுதலாகப் பணம் கட்டியவர்கள் முதலில் நல்ல இடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று விட்டவை, கடைசி நேரத்தில் ரத்தானவை, குழுவினருக்காக ஒதுக்கி வைத்துப் பின் திரும்ப வந்தவை ஆகியவற்றில்தான் கேரண்டிக்காரர்களை அமர்த்துகிறார்கள். யாரும் விரும்பி எடுக்காத கேபின்கள் எவை? நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருப்பவை. அதிகாலையிலேயே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அரங்கத்துக்கும் இசைக்கூடத்துக்கும் மேலே இருப்பவை. கப்பலின் மூக்குப் பகுதியில் இருப்பவை. அங்கே விடியற்காலையில் துறைமுகத்தில் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் உறுமும், நங்கூரம் போட்டால் சங்கிலி ஓடும் ஓசையும் சேரும். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளங்கள்தான் அமைதியானவை, அவை முதலில் விற்றுவிடும்.

அடுத்து, அம்மாவின் உடல்நிலை. கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும்போது இரு முனைகளிலும் அசைவு அதிகம், நடுவில் குறைவு. பக்கவாட்டில் சாயும்போது உயரே போகப் போக அதிகம், கீழே குறைவு. எனவே நடுப்பகுதி, இயன்றவரை கீழ்த்தளம். மே மாத மத்தியதரைக் கடல் பொதுவாகச் சாதுதான். ஆனாலும் பார்சிலோனாவுக்கும் மார்செய்க்கும் இடையே லியோன் வளைகுடாவில் மிஸ்ட்ரால் என்னும் வடக்குக் காற்று எழுந்தால் பெரிய கப்பலும் ஆடும். உங்களுக்கு முதல் இரவே அந்த வழிதான். வேர்ல்ட் யூரோப்பா 333 மீட்டர் நீளம். லிஃப்ட் எங்கே, கேபின் எங்கே என்று பார்க்காமல் எடுத்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அம்மா நீண்ட நடைக்கூடம் ஒன்றைக் கடக்க நேரிடலாம்.

மேல்வகை கிடைக்கும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எது மேல், எது கீழ் என்பது நிறுவனத்தின் விலைப்பட்டியல் போட்ட வரிசை, உங்கள் தேவை போட்ட வரிசையன்று. நடுப்பகுதியில் சாதாரண ஜன்னல் கேபினில் நிம்மதியாக இருந்த ஒரு முதியவரை, உயர்த்தித் தருகிறோம் என்று உச்சித் தளத்தின் முன்முனைப் பால்கனிக்கு மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். பட்டியல்படி அது உயர்வுதான். ஆகவே நீங்களே எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும், முன்பதிவில் ‘கேபின் மாற்றம் வேண்டாம்’ என்ற குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் அதை ஏற்கின்றன.

மூன்று பேர் தங்கும் கேபினில் மூன்றாவது படுக்கை சில இடங்களில் சுவரிலோ கூரையிலோ இருந்து இறக்கப்படுவது, சில இடங்களில் சோஃபாவை விரிப்பது. ஏணி வைத்து ஏற வேண்டியதானால் மகளுக்குக் கொண்டாட்டம்தான். சோஃபாவானால் இரவில் நடக்க இடம் குறையும், அம்மாவுக்கு அது இடைஞ்சல். வரைபடத்தில் இதற்கான குறியீடுகள் இருக்கும். மூன்று, நான்கு பேர் கேபின்கள் எண்ணிக்கையில் குறைவு. அதோடு, ஒவ்வொரு கேபினும் ஓர் அவசரக்கூடல் நிலையத்துடன், அதாவது ஆபத்து நேரத்தில் பயணிகள் கூட வேண்டிய இடத்துடன், இணைக்கப்பட்டது. அந்த நிலையத்தின் ஆள் கணக்கு நிரம்பிவிட்டால், கேபின் காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளை ஏற்க மாட்டார்கள். ஆகையால் மூவர் கேபினை முதலில் பிடியுங்கள். உங்களுக்கும் மகனுக்குமான இருவர் கேபின் பிறகும் கிடைக்கும்.

மலைக்கோட்டைப் பயணி, திருச்சி:

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் கேபின் விஷயத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. விசாவைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைக் கேட்டால் 45,000 ரூபாயை விட அதுதான் பெரிய கேள்வி.

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும், 45 நாட்கள் வரை நீளவும் விதியில் இடமுண்டு. கோடை விடுமுறைக்கு முன் விண்ணப்பம் கொடுக்க நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 45 யூரோ. மறுக்கப்பட்டால் அது திரும்பாது. கப்பல் கட்டணமும் அப்படியே திரும்பாத வகையாக இருந்து, ஐவரில் ஒருவருக்கு மறுக்கப்பட்டால் என்ன செய்வீர்கள்? அம்மாவுக்கு மட்டும் விசா வரவில்லையென்றால் நீங்கள் நால்வரும் போவீர்களா?

எனவே முகவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: முன்பணம் திரும்பக் கிடைக்குமா, மீதித் தொகையைக் கட்ட வேண்டிய கடைசி நாள் எது, அந்த நாளுக்குப் பிறகு படிப்படியாக எவ்வளவு பிடித்தம். வாய்மொழியாகச் சொல்வதை நம்பாதீர்கள். நிறுவனத்தின் விதியோடு முகவரின் சொந்தக் கட்டணமும் சேர்ந்து வருவது நம் ஊரில் வழக்கம். கடைசி நாளுக்கு முன்பே விசா கையில் வரும்படி திட்டமிட்டால் இழப்பு சிறிதாகவே இருக்கும். விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை எடுக்கும்போது, விசா மறுப்பால் பயணம் ரத்தானால் ஈடு தரும் பாலிசியா என்றும் பாருங்கள்; எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை.

உங்கள் தடத்தில் எல்லாத் துறைமுகங்களும் ஷெங்கன் பகுதிக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை நுழையும் விசாவே போதும். துனிசியாவையோ துருக்கியையோ தொடும் வேறு தடத்துக்கு மாறினால் பலமுறை நுழையும் விசா வேண்டும். கட்டணம் மலிவு என்று தடத்தை மாற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. விசா விண்ணப்பத்துக்குக் கேபின் எண் தேவையில்லை. பெயர்கள் அடங்கிய உறுதிச்சீட்டு போதும். அந்த வகையில் கேரண்டியால் தடை ஏதும் வராது.

கடலோடி, சிங்கப்பூர்:

தாயாரின் நிலை தெரிந்த பிறகு நானும் கட்சி மாறுகிறேன். ஆனால் ஒரு யோசனை: இரண்டு கேபினுக்கும் ஃபன்டாஸ்டிகா தேவையா? பெண்கள் மூவரின் கேபினை மட்டும் எண் பார்த்து எடுத்துவிட்டு, உங்களுக்கும் மகனுக்கும் பெல்லாவில் உள்ளறைக் கேரண்டி எடுத்தால் செலவு நன்றாகக் குறையுமே. பால்கனியில் உட்கார வேண்டுமென்றால் அம்மாவின் கேபினுக்குப் போய்விடலாம்.

முத்துநகர் மாலுமி, தூத்துக்குடி:

நல்ல யோசனைதான், ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்லாவில் இரவு உணவு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் குறைவு. இரண்டு கேபினுக்கும் இரண்டு கட்டண வகை என்றால் உங்களுக்கு ஒரு பந்தி நேரம், அம்மாவுக்கு வேறொரு நேரம் என்று விழக்கூடும். முன்பதிவுகளை இணைத்து, ஒரே மேசை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். அப்படியும் அமையாவிட்டால் ஏறிய அன்று மதியமே உணவகத் தலைமைப் பணியாளரைப் பாருங்கள். மாலை வரை காத்திருந்தால் வரிசை நீண்டுவிடும்.

நொய்யல்கரை, கோவை:

அண்ணாச்சிக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. இன்று முகவரிடம் பேசினேன். நடுப்பகுதியில், லிஃப்டிலிருந்து நான்காவது கதவாக ஒரு மூவர் பால்கனிக் கேபின் ஃபன்டாஸ்டிகாவில் கிடைக்கிறது. மேலேயும் கீழேயும் கேபின் தளங்களே. மூன்றாவது படுக்கை கூரையிலிருந்து இறங்குவது என்கிறார். அதை எடுத்துக்கொண்டு, எனக்கும் மகனுக்கும் உள்ளறைக் கேரண்டி போடச் சொல்லியிருக்கிறேன். விதிமுறைகளை மின்னஞ்சலில் கேட்டதற்கு நாளை அனுப்புவதாகச் சொன்னார். அது வரும்வரை முன்பணம் கட்டவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: அதுவரை அந்தக் கேபினை வேறு யாரும் எடுத்துவிடாமல் பிடித்து வைக்க முடியுமா?

மலைக்கோட்டைப் பயணி, திருச்சி:

பெரும்பாலான நிறுவனங்களின் முன்பதிவு அமைப்பில், முன்பணம் இல்லாமலே குறுகிய காலத்துக்குக் கேபினை நிறுத்தி வைக்கும் வசதி முகவர்களுக்கு உண்டு. இன்றே ‘ஆப்ஷன் போட்டு வையுங்கள்’ என்று கேளுங்கள், அது எந்தத் தேதி, எந்த மணியோடு காலாவதியாகும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் கேபினுக்கு மட்டும் போட்டால் போதும். கேரண்டிக்கு எண்ணே இல்லாததால் நிறுத்தி வைக்க அங்கே ஒன்றுமில்லை, விலை மட்டும் ஏறாமல் இருக்க வேண்டும்.