பிஎச் 4.2: தண்ணீருக்குச் சிட்டிகை சுண்ணாம்பு போதும், மண்ணுக்கு மட்டும் ஏன் மூட்டைக் கணக்கு?

கோத்தகிரி_தோட்டம்:
தேயிலைத் தோட்டத்து மண்ணைப் பரிசோதித்ததில் பிஎச் (7-க்குக் கீழே போகப்போக அமிலம் அதிகம் என்று காட்டும் எண்) 4.2 வந்திருக்கிறது. டோலமைட்டை (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) மூட்டைக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் தம்பி கணக்குப் போட்டுவிட்டு, சில கிராம் போதும் என்கிறான். அவன் பாடத்தில் வினிகர் வலிமை குறைந்த அமிலமாம், ஆனால் அதன் பிஎச் 2.5 பக்கம். ஒன்றும் புரியவில்லை.

குன்னூர்_லேப்:
தம்பி போட்டது தண்ணீருக்கான கணக்கு. ஆயிரம் லிட்டர் டேங்க் தண்ணீரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 4.2-க்கு இறக்கினால், அதைச் சரிக்கட்ட சுமார் 3 கிராம் கால்சியம் கார்பனேட் போதும். பிஎச் காட்டுவது அந்த நேரத்தில் கரைசலில் இருக்கும் ஹைட்ரஜன் அயனியை மட்டும்தான். மண்ணில் பெரும்பங்கு அமிலம் களித்துகளிலும் மட்கிலும் ஒட்டிய அலுமினியமாகவும் ஹைட்ரஜனாகவும் கிடக்கிறது. கரைசலில் உள்ளதைச் சுண்ணாம்பு தீர்க்கத் தீர்க்க, ஒட்டியிருக்கும் அந்த அமிலம் இறங்கி வந்து இடத்தை நிரப்பும். அதனால்தான் ஒரே பிஎச் உள்ள மணல்மண்ணுக்குக் கொஞ்சமும், மட்கு நிறைந்த நம் மலைமண்ணுக்கு நிறையவும் பிடிக்கிறது. எவ்வளவு என்பதை பிஎச் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சுண்ணாம்புத் தேவைக்கென்று லேபில் தனியாக பஃபர் சோதனை (ஒட்டிக் கிடக்கும் அமிலத்தையும் சேர்த்து அளப்பது) உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
வினிகர் விஷயமும் இதே கதைதான். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல் என்ற செறிவு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1. அதே செறிவில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் 2.9, ஏனென்றால் நூற்றில் ஒன்றேகால் பங்கு மூலக்கூறுதான் அயனியாகிறது. வலிமை என்பது இந்தப் பங்கு, செறிவு வேறு. தம்பியை டைட்ரேஷன் (அமிலத்தைச் சரிக்கட்ட எவ்வளவு காரம் ஆகிறது என்று அளப்பது) செய்து பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டிலும் 10 மில்லி எடுத்தால், இரண்டுக்குமே 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லிதான் ஆகும். முடிவை நிறத்தால் காட்ட ஃபினால்ஃப்தலீன் போடட்டும். அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டியைப் போட்டால் முடிவுக்கு வெகு முன்பே நிறம் மாற ஆரம்பித்துவிடும்.

குன்னூர்_லேப்:
வீட்டில் மீட்டர் வைத்துப் பார்ப்பதானால்: நிழலில் உலர்த்திச் சலித்த மண் 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 25 மில்லி. அவ்வப்போது கிளறி, அரை மணி கழித்து அளக்கவும். முதலில் பிஎச் 7, பிறகு 4 பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசல்) மீட்டரைச் சரிசெய்ய வேண்டும். ஊட்டிக் குளிரில் பஃபரும் மண்கரைசலும் ஒரே சூட்டுக்கு வரட்டும். உரம் போட்ட கையோடு எடுத்த மண்ணை நம்ப வேண்டாம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். கேரட் போடுபவர்களைப் பார்த்து 6-க்கு ஏற்றிவிடாதீர்கள். டோலமைட்டையும் அம்மோனியம் சல்ஃபேட்டையும் ஒன்றாகக் கலந்து போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும், இடைவெளி விட்டுப் போடுங்கள்.